மட்கார்டில் வளைந்த மரங்கள்

மரங்கள் வளைந்திருப்பதை முதலில் பார்த்தது நான்தான். நிஜ மரங்கள் வளையவில்லை. எங்கள் தோட்டத்துக் கித்தா மரங்கள், ரப்பருக்கு மலாயாவில் நாங்கள் சொல்கிற பெயர் அது, எப்போதும்போல, கயிறு பிடித்து நட்ட நெரை பிசகாமல், ஒன்றன்பின் ஒன்றாக நேராகத்தான் நின்றன. வளைந்திருந்தவை காரின் பின்பக்க மட்கார்டில் தெரிந்த மரங்கள். கறுப்புப் பெயிண்டு அப்படிப் பளபளக்கும். அதில் விழுந்திருந்த பள்ளத்துக்குள் போன மரங்கள் இடுப்பொடிந்து, மறுபக்கம் வெளியே வந்து மறுபடி நிமிர்ந்தன.

பெரியவர்கள் மூவரும் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா கையைப் பின்னால் கட்டியபடி கொஞ்சம் தள்ளி நின்றார், கிட்டே போனால் பள்ளம் தன் மேலும் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

பள்ளத்தை உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கறுப்பில் கறுப்பு; எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அதில் தெரிகிற மரங்களைப் பார்த்தாலோ எல்லாம் வெட்டவெளிச்சம். இந்த மரம் இடுப்பில் ஒடிகிறது, அந்த மரம் கழுத்தில் ஒடிகிறது. எனக்குச் சட்டென்று பட்டது: மரங்களை நிமிர்த்திவிட்டால் போதும், கார் தானாகச் சரியாகிவிடும்.

இதைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயதுப் பெண்பிள்ளை சொல்வதைக் கேட்கிற வழக்கம் எங்கள் லயத்தில், தோட்டத்து ஆட்களின் அந்த வரிசை வீடுகளில், இருந்ததில்லை. ஜப்பான்காரன் வந்து எத்தனையோ வழக்கத்தை மாற்றினான், அதை மட்டும் மாற்றவில்லை.

அந்தக் கார் பெரிய துரையுடையது. ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். சண்டை வந்தபோது வெள்ளைக்காரத் துரை வேறு யாரோ ஒருவருடைய காரில் தொற்றிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடிவிட, அவருடைய பங்களாவுக்கு ஒரு ஜப்பான் அதிகாரி வந்து சேர்ந்தார். அவர் பங்களாவோடு காரையும், காரோடு டிரைவரையும் எடுத்துக்கொண்டார். அந்த டிரைவர்தான் என் மாமா, அம்மாவுடைய தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தோட்டத்தில் அவரை எல்லாரும் ‘டிரைவர் தம்பி’ என்பார்கள். அதிகாரியை ‘ஜப்பான் துரை’ என்பார்கள். துரை என்று ஒருவர் இல்லாமல் எங்களுக்குப் பழக்கமில்லை.

ஜப்பான் துரைக்கு அந்தக் காரின் மேல் தனிப் பிரியம். வெள்ளைத் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி அதன் உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார். துணியில் தூசி இருந்தால் அறை. ஒருமுறை கதவில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. கார் கழுவுகிற ஆளை அவர் அறையவில்லை. சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களை எடுத்தபோது அந்த ஆளை முதல் லாரியில் ஏற்றிவிட்டார். போனவர்களிடமிருந்து அதுவரை ஒரு சேதியும் வரவில்லை. எங்கள் லயத்தில் ஆம்பிளை இல்லாத வீடுகள் கூடிக்கொண்டே வந்தன. அடுத்த லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு கீறலுக்கே சயாம் என்றால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பள்ளம் விழுந்தால் எங்கே அனுப்புவார்?

பள்ளம் விழுந்த கதை இதுதான். அன்று காலை மாமா துரையை ஈப்போ ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினார். துரை தைப்பிங் போய்விட்டு மறுநாள் மத்தியானம் ராணுவ லாரியில் வருவதாகவும், வந்ததும் காரில் கோலா கங்சார் போக வேண்டும், கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தி வை என்றும் சொல்லியிருந்தார். தோட்டத்து முகப்பில் ஒரு காவல் கொட்டகை. அங்கே துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நிற்பான். யார் வந்தாலும், சைக்கிளோ மாட்டுவண்டியோ காரோ, இறங்கி அவனுக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதிகாரி இல்லாத கார் என்றால் அதன் டிரைவரும் இறங்க வேண்டும்.

கொட்டகை இருந்த இடம் ஏற்றம். காரின் கைப்பிரேக்கோ கொஞ்ச நாளாகச் சரியாகப் பிடிப்பதில்லை. மாற்றிப்போடச் சாமான் கிடைக்கிற காலமா அது? மாமா ஒரு மரக்கட்டை வைத்திருந்தார். இறங்கினதும் சக்கரத்துக்கு அடியில் அதைக் கொடுத்துவிட்டு, அப்புறம் வணக்கம் வைப்பார். இரண்டு நாளைக்கு முன்னால் அதற்குத்தான் அறை விழுந்தது. கட்டைக்கு முதல் மரியாதை, எனக்கு இரண்டாவதா என்று சிப்பாய்க்குக் கோபம். ஆகவே அன்று மாமா முதலில் குனிந்தார். சிப்பாய் சிகரெட்டு பற்றவைத்துக்கொண்டிருந்தான். பற்றவில்லை. ஈரத் தீக்குச்சி. அவன் இன்னொரு குச்சியை எடுத்தான். மாமா குனிந்தபடியே இருந்தார். பின்னால் செம்மண்ணில் சக்கரம் மெல்ல நொறுநொறுவென்று உருளுகிற சத்தம் அவர் காதில் விழுந்தது. நிமிர்ந்தால் அறை. அவர் நிமிரவில்லை. கார் தன் பாட்டுக்குப் பின்னால் போய் ஒரு கித்தா மரத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

“சத்தம்கூட பெருசா வரலக்கா,” என்றார் மாமா அம்மாவிடம். “யாரோ எலவம்பஞ்சுத் தலகாணிய குத்துன மாதிரி ஒண்ணு. அவ்வளவுதான். அந்தப் பய சிரிச்சான்.”

காரைப் பங்களாவுக்குப் பின்னால் கார்க் கொட்டகைப் பக்கம் மர நிழலில் நிறுத்திவிட்டு லயத்துக்கு ஓடி வந்து எங்களை அழைத்துப் போனார். எதற்கு அழைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அக்கா இருக்கிற இடத்துக்கு ஓடி வந்தார், அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தபோது பள்ளத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பள்ளத்தின் நடுவிலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒரு கோடு. பெயிண்டு உரிந்துவிட்டது என்று மாமா தலையில் கை வைத்தார். பெயிண்டு போனால் கதை முடிந்தது. ஈப்போவில் சீனர் பட்டறைகளில் இருந்த பெயிண்டெல்லாம் ராணுவத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கேயாவது ஒரு டின் கிடைத்து அடித்தாலும் புதுக் கறுப்பு பழைய கறுப்போடு சேராது. வாசனை வேறு நாள் கணக்கில் ஊரைக் கூட்டும்.

நான் நகத்தால் அந்த வெள்ளையின் ஓரத்தைக் கிள்ளினேன். அது தோல்போல நீளமாக உரிந்து வந்தது. அடியில் கறுப்பு அப்படியே இருந்தது. அது கித்தாப் பால். கார் இடித்த இடத்தில் மரம் பால் வடித்திருக்கிறது, அது மட்கார்டில் வழிந்து காய்ந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து பால் வாளியோடு வாழ்கிற மூன்று பேர், அப்பா பத்து வருஷமாக மரம் சீவுகிறவர், பயத்தில் பாலை அடையாளம் தெரியாமல் நின்றிருந்தார்கள். அப்பா அந்த உரித்த பாலை என் கையிலிருந்து வாங்கி, இழுத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, “பாலுதான்லா,” என்றார், தானே கண்டுபிடித்தமாதிரி.

அப்படியானால் பெயிண்டு உடையவில்லை. தகடு மட்டும்தான் உள்ளே போயிருக்கிறது. மாமா முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. பிறகு யோசனைகள் தொடங்கின.

“பேசாம உண்மைய சொல்லிரு மச்சான்,” என்றார் அப்பா. “கன்னத்துல நாலு வைப்பான். அதோட போயிரும்.”

“கன்னத்தோட போறதா இருந்தா இந்நேரம் தைப்பிங்குக்கே போயி கன்னத்தக் காட்டியிருப்பேன்லா மச்சான்.”

“சேத்த அள்ளிப் பூசிரு தம்பி,” என்றாள் அம்மா. “மழையில வந்த வண்டின்னு நெனச்சுக்குவான்.”

“கழுவி வைன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்க்கா.”

“கழுவுனப்புறம் மறுபடி பூசு.”

மாமா எழுந்து கொட்டகைக்குள் போய் ஒரு மரச் சுத்தியலோடு வந்தார். நீட்டிப் படுத்து மட்கார்டுக்குள் கையை விட்டார். பின் சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் ஓர் ஆள் கை புழங்குகிற அளவுக்கு இடம் இருந்தது. பள்ளத்தின் நடு எங்கே இருக்கும் என்று தடவிப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினார். வெளியே நின்ற எங்களுக்குப் பள்ளத்தின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு மேடு முளைத்தது தெரிந்தது. பள்ளம் அப்படியே இருந்தது. இப்போது பள்ளமும் அதற்குள் ஒரு பருவும்.

“நிறுத்து, நிறுத்து,” என்றாள் அம்மா. “குழிக்குள்ள கொப்புளம் வருது.”

மாமா வெளியே வந்து பார்த்தார். சுத்தியலைத் தரையில் வைத்தார். எறியவில்லை, மெதுவாக வைத்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. அவர் கோபக்காரர். கோபக்காரர் ஒருவர் சுத்தியலை அவ்வளவு மெதுவாக வைக்கக் கூடாது.

அந்த மட்கார்டை எங்கள் தோட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை, மாமாவையும் சேர்த்துச் சொல்கிறேன். லயத்தில் முழுசாக ஒரு கண்ணாடி கிடையாது. இருந்ததெல்லாம் உடைந்த துண்டு. ஒரு கண்ணைப் பார்க்கலாம், அல்லது ஒரு காதைப் பார்க்கலாம். பங்களாவில் புல் பிடுங்கப் போகும்போது நானும் மற்ற பெண்பிள்ளைகளும் காருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தலை சீவிக்கொள்வோம். மட்கார்டு உருண்டை என்பதால் முகம் பூசணிக்காய் மாதிரிதான் தெரியும். பின்னால் நிற்கிற மரங்கள் வில்மாதிரி வளைந்து தெரியும். ஆனால் அது ஒரே சீரான வளைவு. முதல் மரம் கொஞ்சம், அடுத்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம், அப்படி. அந்த வரிசை எனக்கு மனப்பாடம். எந்த மரம் எவ்வளவு வளைய வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அதனால் மறுபடியும் சொன்னேன். “மாமா, நடு மரம் நல்லாத்தான் இருக்கு. ஓரத்து மரந்தான் ஒடிஞ்சிருக்கு.”

“எந்த மரம்?”

“வண்டிக்குள்ள இருக்கிற மரம்.”

அப்பா என்னை லயத்துக்குப் போகச் சொன்னார். மாமா மட்டும் என் பக்கத்தில் வந்து, என் உயரத்துக்கு மண்டியிட்டு, நான் பார்க்கிற திசையில் பார்த்தார். பிறகு, “அடடே,” என்றார்.

பின்னாளில் படிக்கிற இடத்தில் இதற்கெல்லாம் காரணம் தெரிந்தபோது நான் வகுப்பிலேயே எழுந்து நின்றுவிட்டேன். கிண்ணம்போன்ற பள்ளத்தில் ஆழமான நடுப்பகுதியும் சுற்றியுள்ள நல்ல தகடும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் நடுவில் விழுகிற பிம்பம் ஒழுங்காக இருக்கும். கெட்டுப்போவது சரிவில்தான். தகட்டை மடக்காமல் அமுக்கினால் அது தன் பழைய வடிவத்தை மறப்பதில்லை, திரும்பிப் போகத்தான் பார்க்கிறது. அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது சுற்றியுள்ள சரிவு. சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டால் நடு தானே எழும். நடுவில் அடித்தால் புதுக் காயம்தான். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. மரங்கள் எங்கே ஒடிகின்றன என்று தெரியும், அது போதுமாக இருந்தது.

சுத்தியல் வேண்டாம் என்று முடிவாயிற்று. மண்வெட்டிக் காம்பு ஒன்றைக் கழற்றி அதன் முனையில் கித்தா ஷீட்டைச் சுற்றிச் சுற்றி, ஒரு முஷ்டி அளவுக்குக் கட்டினார் மாமா. கப்பல் வராததால் ஸ்டோரில் ஷீட்டு மலைமாதிரி கிடந்தது. தோட்டத்தில் தட்டுப்பாடில்லாத சாமான் அது ஒன்றுதான். அவர் மல்லாந்து படுத்து, காம்பின் அடியைச் சக்கரத்தின் மேல் முட்டுக்கொடுத்து, நெம்புகிறமாதிரி வைத்துக்கொண்டார். நான் வெளியே என் இடத்தில் உட்கார்ந்தேன். அப்பாவை மரத்துக்கும் காருக்கும் நடுவில் வராதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் வந்தால் மட்கார்டில் ஒரு மரம் மறைந்துவிடும். அப்பாவைத் தள்ளி நிற்கச் சொன்ன முதல் தடவை அது. அவர் நின்றார்.

“இன்னும் கங்சார் பக்கம், மாமா.”

“இங்கயா?”

“இல்ல, கீழ. ஒரு வெரக்கட கீழ. ஆங், அங்கதான். அமுக்குங்க.”

அமுக்குவார். ஒன்றும் ஆகாது. மறுபடி அமுக்குவார். மட்கார்டில் ஒரு மரத்தின் முழங்கால் மயிரிழை நிமிரும். அடித்தால் தெரிவதுபோல இது தெரியாது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும். எனக்கு ரொம்ப நேரம் ஓரிடத்தில் உட்கார வராது. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே பெஞ்சுமேல் ஏற்றுவார்கள். அன்று எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. ஓரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போனோம். அதற்குள்ளே இன்னொரு வட்டம். மாமாவின் கை மரத்துப்போனபோது அப்பா மாற்றிக்கொண்டார். அவருக்குக் கங்சார் பக்கம் எது, ஈப்போ பக்கம் எது என்று படுத்த வாக்கில் குழம்பிவிட்டது. “எனக்கு எடது கை, வலது கைன்னு சொல்லு,” என்று உள்ளிருந்து கத்தினார். மாமா, “ஒங்க கையா, அவ கையா மச்சான்?” என்று கேட்டார். அன்று காலையிலிருந்து முதன்முதலாக அம்மா சிரித்தாள்.

பட்டாணி மேடு அம்மாவின் பங்கு. அதை வெளியிலிருந்து இறக்க வேண்டும். பெயிண்டின் மேலேயே தட்ட வேண்டும் என்பதால் ஆண்கள் இருவரும் பின்வாங்கிவிட்டார்கள். அம்மா சிரட்டை அகப்பையின் காம்பில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மாவு சலிக்கும்போது சல்லடை விளிம்பைத் தட்டுவாளே, அந்தத் தட்டு. விழுகிறதா விழவில்லையா என்று தகட்டுக்கே சந்தேகம் வருகிற தட்டு. தட்டிக்கொண்டே சயாமையும் ரயிலையும் அதைக் கட்டச் சொன்னவனையும் வாய்க்குள் வைதாள். மேடு படிந்தது.

வெயில் சாய்கிற நேரத்துக்கு, மாமா மறுபடி உள்ளே இருந்தபோது, ‘டப்’ என்று ஒரு சத்தம். மண்ணெண்ணெய் டின்னின் அடியை அமுக்கிவிட்டால் வருமே, அது. மாமா உள்ளேயே அசையாமல் கிடந்தார். தகடு கிழிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

“பாப்பா,” என்றார். “என்னா ஆச்சு. சொல்லு.”

நான் மரங்களை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அதனதன் வளைவில் நின்றன.

“வாயத் தொறந்து சொல்லேன்டி,” என்றாள் அம்மா.

“நெரை சரியா இருக்கு.”

மாமா வெளியே வந்தார். தலைமுடியெல்லாம் செம்மண். மட்கார்டைத் தொடாமல் அதன் மேல் காற்றில் கையை ஓட்டினார். அப்பா ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்து, மடியில் பீடி இருக்கிறதா என்று தேடினார். இல்லை. இல்லாததற்கும் சிரித்தார். அன்று ராத்திரி, சோற்றுக்குப் பதில் தின்கிற மரவள்ளிக் கிழங்கு தொண்டையில் அடைக்கவில்லை. அது எல்லாருக்கும் ஞாபகம்.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது, அதை மறுநாள் மத்தியானம், கழுவித் துடைத்தபிறகு, நான்தான் பார்த்தேன். நிமிர்ந்து நின்று பார்த்தால் மட்கார்டு புதுசு. குனிந்து, என் உயரத்துக்கு வந்து பார்த்தால், ஒரே ஒரு மரத்தின் பாதத்தில் ஓர் அலை. குளத்தில் இலை விழுந்த மாதிரி. இனி அமுக்க நேரமில்லை. ராணுவ லாரியின் சத்தம் கேட்டுவிட்டது.

பெரிய துரை காலத்துப் புல்வெளியில் பாதியைக் கொத்தி மரவள்ளி நட்டிருந்தார்கள். அங்கே களை பிடுங்கிக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் எழுந்து, அவரவர் இடத்தில் குனிந்தோம். மாமா காரின் பக்கத்தில் குனிந்தார். துரை இறங்கினார். வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டார். பூட்ஸ் காரைச் சுற்றி வருவது மட்டும் எனக்குத் தெரிந்தது. முன் மட்கார்டு, கதவு, பின் மட்கார்டு. அங்கே பூட்ஸ் நின்றது.

குனிந்து நின்ற இடத்திலிருந்து எனக்கு அந்த அலை நன்றாகத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். களை பிடுங்க வந்த எல்லாருக்குமே தெரிந்திருக்கும், நாங்கள் அத்தனை பேரும் சரியான உயரத்தில்தான் இருந்தோம். அந்த இடத்தில் குனியாதவர் அவர் ஒருவர்தான். துணியைப் பார்த்தார். தூசி இல்லை. பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கார் கோலா கங்சாருக்குப் போயிற்று.

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, பிடுங்கிய களையோடு இரண்டு மரவள்ளிச் செடியையும் பிடுங்கிப் போட்டாள். மேஸ்திரி வைதார். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் பள்ளம் விழுந்ததைப் பார்த்த ஆள் ஒருவன் உண்டே. இரண்டு நாள் கழித்து மாமா காரைப் பங்களாவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார், முகம் வெளுத்திருந்தது. காவல் கொட்டகைச் சிப்பாய் காரை நிறுத்தி, சுற்றி வந்து, பின் மட்கார்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தானாம்.

“தடவிப் பாத்தான்க்கா. கைய வச்சு தடவிப் பாத்தான். அப்புறம் என்னையப் பாத்தான்.”

“சொல்லிருவானா?”

“தெரியல. போன்னு சொன்னான். வந்துட்டேன்.”

அடுத்த சில நாள் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சாலையில் லாரிச் சத்தம் கேட்டால் மாமா சாப்பிடுகிற கையை நிறுத்துவார். சத்தம் தாண்டிப் போனதும் மறுபடி சாப்பிடுவார். என்னிடம் அந்த அலையைப் பற்றி மட்டும் ஒருதரம் கேட்டார், “ரொம்பவா தெரியுது?” என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் சிப்பாயே லயத்துக்கு வந்தான். வீட்டுக் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. மாமா வெளியே போய்க் குனிந்தார். அம்மா உள்ளே கதவு இடுக்கில் நின்றாள். நான் அவள் கைக்கு அடியில் நுழைந்து வெளியே போய்விட்டேன், என்ன ஆகிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அவன் துப்பாக்கி கொண்டு வரவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். இன்ஜின் போடாமல், தள்ளிக்கொண்டு. பக்கத்தில் பார்த்தால் ரொம்பச் சின்னப் பையன், முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பெட்ரோல் டாங்கியைக் காட்டினான். அதன் விலாவில், பித்தளைச் சொம்பு கீழே விழுந்தால் ஆகுமே, அந்த மாதிரி ஒரு பள்ளம். பெயிண்டு உடையவில்லை. அவன் டாங்கியைக் காட்டி, பங்களாப் பக்கம் கையைக் காட்டி, காரின் மட்கார்டுபோலக் காற்றில் ஒரு வளைவு வரைந்து, “பாகுஸ்,” என்றான். நல்லா இருக்கு என்று மலாயில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஜப்பான் பாட்டும் ஜப்பான் சொற்களும்தான் பாடம். ஆகவே நான்தான் துபாஷி. எனக்குத் தெரிந்த சொற்களையும் அவனுடைய கைச்சாடையையும் சேர்த்துப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. வண்டி அவனுடையதில்லை, அவனுக்கு மேலே இருக்கிற சார்ஜெண்டுடையது. சார்ஜெண்டு காய்ச்சலில் ஈப்போ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். இவன் கேட்காமல் எடுத்து ஓட்டி விழுந்திருக்கிறான். சார்ஜெண்டு வந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அவன் தன் கன்னத்தில் தானே கையை வைத்துக்கொண்டான்.

நான் இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். மாமா டாங்கியைப் பார்த்தார். சிப்பாயைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. பல நாளாகக் கழுத்தில் தூக்கியிருந்த எதையோ இறக்கிவைத்தவர்மாதிரி தோள்கள் இறங்கின. உள்ளே கதவு இடுக்கில் அம்மா ‘முருகா’ என்றது கேட்டது. மாமா வாசலில் முக்காலி போட்டு அவனை உட்காரச் சொன்னார். கொட்டைப்பாக்கு அளவு வெல்லம் போட்ட கறுப்புக் காப்பி, அந்த வெல்லம் எங்கள் வீட்டில் கடைசி வெல்லம், அம்மா அதைத்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எப்ப ஆகும்னு கேக்குறான், மாமா.”

“நாளைக்குன்னு சொல்லு.”

சொன்னேன். மறுநாள் வந்தான். மாமா டாங்கியைக் கழற்றி வைத்து, பெட்ரோலை ஒழுகவிட்டு, தட்டிப் பார்த்து, தலையை ஆட்டி, நாளைக்கு என்றார். அதற்கு மறுநாளும் வந்தான். நாளைக்கு. சிப்பாய் முகப்பில் இப்போது மாமாவுக்காகவே மரக்கட்டையைத் தயாராக வைத்திருந்தான். கார் நின்றதும் தானே ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் கொடுப்பானாம். அப்புறம்தான் வணக்கம். அப்பா இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சலாக இருந்தது. ஒரு மட்கார்டுக்காக நாள் முழுக்க மல்லாந்து கிடந்த மனுஷன் ஒரு டாங்கிக்கு ஏன் இப்படிச் சோம்பேறித்தனம் செய்கிறார்? “மொதல்ல யோசிக்கணும்லா பாப்பா,” என்பார். “மூடுன டாங்கி. வாய் வழியா கை போவுமா? உள்ளேர்ந்து எப்பிடி அமுக்குறது? அவசரப்பட்டா கெட்டுப் போயிரும். சார்ஜெண்டு இன்னும் காய்ச்சல்லதான இருக்கான்.” சொல்லிவிட்டு டாங்கியின் மேல் ஒரு துணியைப் போர்த்துவார், குழந்தையைத் தூங்கவைப்பதுபோல. அம்மாவும் அவர் பக்கம். இத்தனை நாள் கழித்து வீட்டில் எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள், அந்த டாங்கி அடுப்படி மூலையில் பள்ளத்தோடு இருந்தபடியால்; அது அங்கே அப்படி இருக்கிறவரை சிப்பாய் வாயைத் திறக்க மாட்டான். அது எனக்கு அப்போது தெரியவில்லை. மாமாவுக்கு வழி தெரியவில்லை, அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.

எனக்கோ வழி தெரிந்துவிட்டது. உள்ளே கை போகாவிட்டால் வெளியே இருந்து இழுக்க வேண்டியதுதானே. கித்தாப் பாலில் நாங்கள் விளையாடப் பந்து செய்வோம், உள்ளே காற்று வைத்து. அப்படி ஒன்றைக் கத்தியால் இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியைத் தண்ணீரில் நனைத்து, அம்மாவின் பித்தளைத் தவலையில் கவிழ்த்து அமுக்கிவிட்டு, மேலே தூக்கினேன். தவலையும் கூடவே வந்தது. இறக்கி, மறுபடி தூக்கினேன். விடவில்லை.

மறுநாள் காலை மாமா காரை எடுத்துக்கொண்டு போனதும் டாங்கியில் இதைத்தான் வைத்துப் பார்ப்பது, சாயங்காலம் சிப்பாய் வரும்போது பள்ளமில்லாத டாங்கியை நானே அவன் கையில் கொடுத்து மாமாவை அசத்துவது என்று முடிவு செய்துகொண்டு, அரைப்பந்தைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.